முதுகுக்குப் பின்னால் ஒரு கைத்தட்டு

என் கணவர் கப்பலில் பார்த்துவந்த வேலை அவர் கையை விட்டுப் போனதற்கு நான்தான் காரணம். யாரிடமும் கோள் மூட்டவில்லை, சண்டை போடவில்லை. ஒரு விளையாட்டு நடத்தினேன், அவ்வளவுதான். அடுத்தவர் படும் பாடு மனிதர்களுக்குப் புரிய வேண்டும் என்று நானே மண்டையை உடைத்துக்கொண்டு உருவாக்கிய விளையாட்டு அது. அதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

நான் சிறப்பாசிரியை. தூத்துக்குடியில் வீடு. ஒரு நாள் வேம்பார்ப் பக்கம், ஒரு நாள் ஸ்ரீவைகுண்டம் பக்கம் என்று பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போவேன். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு எல்லோரும் வழிவிடுவார்கள், ஏனென்றால் நாற்காலி கண்ணுக்குத் தெரிகிறது. என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஒருத்திக்கு எழுத்துகள் ஒரு இடத்தில் நிற்காது. ஒருவனுக்குப் பாதிதான் கேட்கும். இன்னொருத்திக்கு மூட்டெல்லாம் வலி, ஆனால் ஆளைப் பார்த்தால் அடித்து வைத்த கல் மாதிரி இருப்பாள். இவர்களைப் பற்றி வாத்தியார்களிடம் எடுத்துச் சொன்னால், "அவனுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர், கொழுப்பு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

வாயால் சொல்லிச் சலித்துப்போய்த்தான் விளையாட்டுக்கு வந்தேன். ஒரு துணிப்பை வைத்திருந்தேன். அதற்குள் முகம் பார்க்கும் கண்ணாடி, தடித்த கையுறை, பஞ்சு, ஒரு பொட்டலம் கல்லுப்பு. கல்லுப்புக்கு நம்மூரில் என்ன பஞ்சம்? சாக்ஸுக்குள் கல்லுப்பைப் போட்டுக்கொண்டு வாத்தியார்கள் வராந்தாவில் சிரித்த முகத்தோடு நடக்க வேண்டும், முகம் சுளித்தால் அவுட். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்தபடி தங்கள் பெயரை எழுத வேண்டும். பக்கத்தில் நின்று நான், "இது கூடவா தெரியல, எத்தன தடவ சொல்லுதது" என்று அவர்கள் பிள்ளைகளிடம் சொல்வதையே அவர்களுக்குத் திருப்பிச் சொல்வேன். ஒரு தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்துவிட்டு அழுதே விட்டார். அதை நான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என் விளையாட்டில் யாராவது கண் கலங்கினால் அன்றைக்கு எனக்குச் சோறு கூடுதலாக இறங்கும்.

என் கணவர், சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு தனியார் நிறுவனத்தில் சிக்னல்மேன். கிரேன் ஓட்டுகிறவர் உயரத்தில் தன் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். கப்பலின் அடியறைக்குள் என்ன நடக்கிறதென்று அவருக்குத் தெரியாது. அந்த அறையின் விளிம்பில் நின்று, கீழே பார்த்து, மேலே கையால் சொல்கிறவர்தான் சிக்னல்மேன். விரலைச் சுழற்றினால் தூக்கு, உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு, கையை மூடினால் நிறுத்து. அங்கிருக்கிற இரைச்சலில் யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. வாக்கி டாக்கி வந்த பிறகும், மரத்தடிகள் ஏற்றிவரும் கப்பல் என்றால் கிரேன்காரர்கள் இவர் கையைத்தான் பார்ப்பார்கள். ஒரு தடி சங்கிலியில் தொங்கிக்கொண்டு இறங்கும்போது கீழே ஆட்கள் நிற்பார்கள். அவர்கள் உயிர் இவர் விரலில் இருக்கிறது என்பதை அவர் ஒரு நாளும் பெரிதாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் வேலைக்குக் கிளம்பும்போது அவர் முகத்தில் ஒரு மிடுக்கு வரும். அதைப் பார்த்துத்தான் எனக்கு அவரைப் பிடித்தது என்று கூடச் சொல்லலாம்.

அந்த வேலை எவ்வளவு சீக்கிரம் போகக்கூடியது என்பதும் எங்கள் வீட்டில் தெரிந்த விஷயம்தான். கண் மங்கிப்போன ஒருவரை, மருத்துவப் பரிசோதனை முடிந்த அன்றைக்கே கப்பலிலிருந்து இறக்கிவிட்டார்கள். கண்ணைப் பார்ப்பார்கள், ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். காதை மட்டும் ஒருவரும் பார்த்ததில்லை.

இளவட்டமாக இருந்தபோது அவர் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போனவர். கடலுக்கடியில் ஒரு முறை காதுக்குள் ஏதோ வெடித்த மாதிரி ஆகி, மேலே வந்தபோது கழுத்தில் ரத்தம் வழிந்ததாம். கல்யாணமான புதிதில் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அதற்கப்புறம் சங்கு குளிப்பதை விட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு வந்தார். இதைக் கேட்ட ஒரு சிறப்பாசிரியைக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? எனக்குத் தோன்றியதெல்லாம், இந்த மனுஷன் எத்தனை தைரியசாலி என்பதுதான்.

பிறகு வருடங்கள் போகப்போக, அந்தத் தைரியசாலி நான் சொல்வதை எதையும் காதில் வாங்குவதில்லை என்று எனக்குக் கோபம் வர ஆரம்பித்தது. குசினியில் அடுப்பருகே நின்றபடி நான் பத்து விஷயம் சொன்னால் அதில் இரண்டுக்கு 'ம்' வரும். தேங்காய் வாங்கிவரச் சொன்னால் வெறுங்கையோடு வருவார். ஃபோன் அடித்தால் மகளிடம் நீட்டுவார். மாதா கோவிலில் எப்போதும் இடதுபக்கச் சுவரை ஒட்டித்தான் உட்காருவார், நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் எழுந்து இடம் மாறுவார். பக்கத்து வீட்டுக்காரியிடம், "எங்க வீட்டுக்காரருக்குச் சொன்னா ஏறாது, அம்புட்டும் ஆம்பளத் திமிரு" என்று சொல்லியிருக்கிறேன். வாத்தியார்கள் கொழுப்பு என்று முடித்ததை நான் என் வீட்டில் திமிர் என்று முடித்தேன். கோபம் தலைக்கேறிய நாட்களில், "செவிடா போச்சா ஒங்களுக்கு?" என்றும் கேட்டிருக்கிறேன். அதை அவர் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போன வருடம் அவருடைய நிறுவனத்தில் தொழிலாளர் குடும்பங்களுக்கென்று ஒரு விழா வைத்தார்கள். அங்கே தொழிலாளர் நலனைக் கவனிக்கும் அதிகாரி ஒரு இளைஞர், நல்ல பிள்ளை. என் விளையாட்டுகளைப் பற்றி எங்கேயோ கேள்விப்பட்டு எனக்கே ஃபோன் செய்தார். தொழிலாளர்களுக்கு ஒருவர் கஷ்டம் ஒருவருக்குப் புரிய வேண்டும், நீங்கள் வந்து நடத்த வேண்டும் மேடம் என்றார். நான் இறக்கை கட்டிப் பறந்தேன். அத்தனை நாள் பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது, இப்போது மேடையும் மைக்கும்.

வீட்டில் சொன்னபோது அவர், என்னென்ன விளையாட்டு என்று கேட்டார். சொன்னேன். காதில் பஞ்சு வைத்து நடத்துகிற விளையாட்டையும் சொன்னேன். "காது வெளையாட்டு மட்டும் வேண்டாம். துறைமுகத்துல எல்லாவனுக்கும் காது கொஞ்சம் மந்தம்தாம்" என்றார். அதனால்தான் அதை நடத்த வேண்டும் என்று நான் அவருக்கே பாடம் எடுத்தேன். அவர் மறுபடி அதைக் கேட்கவில்லை. ஒரு மனிதன் ஒரே ஒரு தடவை கேட்கிற விஷயம்தான் அவனுக்கு முக்கியமான விஷயம் என்று நான் வகுப்பில் பெற்றோர்களுக்குச் சொல்வதுண்டு.

விழாவில் முதலில் பேசினேன். வெளியே தெரியாத குறை உள்ளவர்களை எப்படி அடையாளம் காண்பது என்று விலாவாரியாகச் சொன்னேன். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார், வாயையே பார்ப்பார், கூட்டம் சிரிக்கும்போது தானும் சிரிப்பார் ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பார் என்றெல்லாம் அடுக்கினேன். முன்வரிசையில் அந்த அதிகாரி தலையாட்டிக்கொண்டே கேட்டார். அடுத்து விளையாட்டு என்றதும் ஒருவரும் எழுந்து வரவில்லை. பிரியாணி வாசம் வந்துவிட்டது, பின்வரிசைக்காரர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வாங்க, வாங்க என்று கூப்பிட்டேன். ஒரு ஜோக் அடித்தேன், அதுவும் எடுபடவில்லை. மைக்கைப் பிடித்தபடி மேடையில் ஒற்றையாக நின்றேன். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

அப்போது அவர் எழுந்து வந்தார். "பாருங்க, எங்க வீட்டுக்காரரே வந்துட்டாரு" என்றேன், கூட்டம் கலகலத்தது. அவர் வந்ததைப் பார்த்து அவருடைய கூட்டாளிகள் சிலரும் மேடையேறினார்கள். எல்லோர் காதிலும் பஞ்சு வைத்து, மேலே துறைமுகத்தில் போடுகிற காதுக்கவசத்தையும் மாட்டினேன். ஒலிபெருக்கியில் கப்பல் இரைச்சலை ஓடவிட்டோம். விளையாட்டு இதுதான்: ஒவ்வொருவர் முன்னாலும் நான் போய் நிற்பேன். முகத்துக்கு நேரே பார்த்து, நிறுத்தி நிதானமாக, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்து ஒரு வாக்கியம் சொல்வேன். அதை அவர்கள் மைக்கில் சொல்ல வேண்டும். கப்பலைப் பற்றி நான் சொன்னதை ஒருவர் கல்யாணத்தைப் பற்றி என்று சொல்ல, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தோற்றுப்போனவர்களும் சிரித்தார்கள், ஆனால் கவசத்தைக் கழற்றும்போது அவர்கள் முகம் மாறியிருந்ததைக் கவனித்தேன். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. விளையாட்டு வேலை செய்கிறது.

என் கணவர் ஒன்றையும் தவறவிடவில்லை. எளிதாகச் சொன்னேன், சொன்னார். கஷ்டமாகச் சொன்னேன், அதையும் சொன்னார். கடைசியில் நீளமாக ஒன்று சொன்னேன், வரி பிசகாமல் ஒப்பித்தார். கூட்டம் விசிலடித்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார், முகம் அப்படியே மலர்ந்திருந்தது. கல்யாணத்தன்று கூட அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்த ஞாபகம் இல்லை. என் புருஷன் ஜெயித்துவிட்டார் என்கிற ஒரே நினைப்புதான் எனக்கு. எப்படி ஜெயித்தார் என்று யோசிக்கிற மூளையை நான் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

கவசத்தைக் கழற்றினார், பஞ்சை எடுத்தார், கூட்டத்தைப் பார்த்து நின்றார். பரிசுக்கு வைத்திருந்த எவர்சில்வர் தூக்குவாளியை எடுக்க நான் மேடையின் பின்பக்க மேசைக்குப் போனேன். இரைச்சலை நிறுத்தியாகிவிட்டது, ஆனால் கூட்டம் இன்னும் சலசலத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்தபடியே விளையாட்டாக, "சார், ஒங்க வெற்றியின் ரகசியத்த நாலு வார்த்த சொல்லுங்க" என்றேன். அவர் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். திரும்பவில்லை. "பொண்டாட்டி பேச்ச யாரு கேக்கா?" என்று நான் சொன்னதும் கூட்டம் வெடித்துச் சிரித்தது. அவர்கள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். கொஞ்சம் தாமதமாக.

அடுத்து நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. பிள்ளைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க நாங்கள் ஒன்று செய்வோம். முன்னால் ஒரு பொம்மையைக் காட்டிப் பராக்குப் பார்க்க வைத்துவிட்டு, பின்னால் போய் ஒரு காதுக்குப் பக்கத்தில் கை தட்டுவோம். கேட்டால் பிள்ளை துள்ளும், கண் சிமிட்டும். பஸ் ஏறும்போது கை தானாகக் கம்பியைப் பிடிக்கிற மாதிரி அது என் கைக்குப் பழகிப்போன வேலை. வாளியையும் மைக்கையும் மேசையில் வைத்துவிட்டு, அவர் முதுகுக்குப் பின்னால் போய், இடது காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பலமாகத் தட்டினேன். அவர் அசையவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். என் கை பழகிய முறைப்படி வலது பக்கம் போய் இன்னொரு தட்டுத் தட்டியது. தோள் லேசாக அசைந்தது, ஆனால் பக்கத்தில் கேட்டதற்கு ஒருவர் அசைகிற அசைவு அல்ல அது. நான் தினமும் பார்க்கிற அசைவு. பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று என்னை யோசிக்க வைக்கிற அசைவு.

கூட்டம் அடங்கிவிட்டது. முன்வரிசையில் அதிகாரி எழுந்து நின்றார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது, சற்று முன்னால்தான் நான் அடையாளங்களைச் சொல்லிக்கொடுத்திருந்தேன். என் கணவர் அவர்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி என் கைகளைப் பார்த்தார், அவை இன்னும் அவர் காதுக்கு நேரே நின்றன. மேசைக்குப் போய் வாளியைத் தானே எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

அன்றைக்கு பைக்கில் வரும்போது அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ வருடமாக இதே இடத்தில் உட்கார்ந்து நான் பேசியதெல்லாம் யாரிடம் பேசியது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் கோயம்புத்தூரில் படிக்கும் மகளுக்கு ஃபோன் செய்து அழுதேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. அப்பாவிடம் ஏதாவது சொல்வதற்கு முன்னால் அவள் சின்ன வயதிலிருந்தே அவர் கையைத் தொட்டுவிட்டுத்தான் பேசுவாள். அதைச் செல்லம் என்று நினைத்திருந்தேன்.

"அப்பாக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியும்மா" என்றாள். "நீங்க டீச்சர்லா, ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

அடுத்த வாரம் நிறுவனத்தில் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இடது காது முற்றிலும் போய்விட்டது, வலது காதிலும் கொஞ்சம்தான் மிச்சம் என்று அறிக்கை வந்தது. வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதைவிட மரியாதையாக ஒரு காரியம் செய்தார்கள். வயதும் ஆகிறது, குறையும் இருக்கிறது, வெயிலில் கப்பல் விளிம்பில் நின்று கஷ்டப்பட வேண்டாம் என்று உட்கார்ந்து பார்க்கிற லேசான வேலைக்கு மாற்றினார்கள். அதே சம்பளம். அதிகாரியே வீட்டுக்கு வந்து, உங்கள் விளையாட்டால்தான் மேடம் எங்கள் கண் திறந்தது என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். கூட்டாளிகள் என் கணவருக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து கையில் கொடுத்தார்கள். முன்பெல்லாம் "ஏலே" என்று கூப்பிட்டு முதுகில் அடித்தவர்கள், இப்போது பக்கத்தில் வந்து, வாயை அகலமாகத் திறந்து, பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்கள். நான் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தபடிதான் எல்லாம் செய்தார்கள்.

லேசான வேலை என்பது லாரிகள் உள்ளே வரும் வாசலில், கண்ணாடி அடைத்த ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து அனுமதிச் சீட்டு போடுவது. ஒரு நாள் அவர் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டுப் போனதால் கொண்டு கொடுக்கப் போயிருந்தேன். கண்ணாடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. வெளியே லாரி இன்ஜின் உறுமிக்கொண்டே நிற்கிறது. தூசிக்காக வாயைத் துண்டால் கட்டிய டிரைவர் அந்த ஓட்டை வழியாகக் கன்டெய்னர் எண்ணைக் கத்துகிறார். என் கணவர் துண்டு கட்டிய வாயைப் பார்க்கிறார். மறுபடி சொல்லுங்க என்கிறார். டிரைவர் இன்னும் பலமாகக் கத்துகிறார். மறுபடி என்கிறார். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். "செவிட்டு முண்டத்தக் கொண்டாந்து இங்கன உக்கார வச்சிருக்கான் பாரு" என்று டிரைவர் திரும்பி அடுத்த லாரிக்காரரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. நான் வாங்கிக்கொடுத்த காது மெஷின் அவர் சட்டைப்பையில் கிடந்தது. அதை மாட்டினால் இன்ஜின் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது என்று அவர் வாங்கிய அன்றைக்கே சொல்லியிருந்தார்.

நான் சாப்பாட்டைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் ஒரு லாரிக்குப் பின்னால் மறைந்து நின்றேன். கண்ணை மட்டும் கேட்கிற ஒரு வேலையிலிருந்து அவரைப் பிடுங்கி, காதை மட்டும் கேட்கிற ஒரு வேலையில் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறார்கள். அதுவும் இரக்கப்பட்டு. அந்த இரக்கத்தைப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தது நான். அந்த லாரி நகர்ந்த பிறகு போய்ச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் தவறான எண்ணுக்கு அனுமதிச் சீட்டு போட்டு ஒரு கன்டெய்னர் வேறெங்கோ போய்விட்டது. பிறகு இன்னொன்றும் அப்படிப் போனது. இன்னொரு தடவை நடந்தால் அவரை வீட்டுக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை என்று அவருடைய கூட்டாளியான கிரேன் ஆபரேட்டர் வந்து என்னிடம் தனியாகச் சொன்னார். "அங்க மேல இருந்து பாத்தா அண்ணாச்சி கை தெரியணும் மதினி. இப்ப வாக்கி டாக்கில ஒரு சின்னப் பய கத்துதான், பாதி வெளங்க மாட்டுக்கு" என்றும் சொன்னார்.

நான் அதிகாரியைப் பார்க்கப் போனேன். எப்போதும் போல எழுந்து நின்று வரவேற்றார். என் கணவரைத் திரும்பவும் கப்பலுக்கே அனுப்பிவிடுங்கள் என்று கேட்டேன். அங்கே எல்லாம் கை பாஷை, யாருக்கும் எதுவும் கேட்காது, இத்தனை வருடம் ஒரு விபத்து இல்லாமல் பார்த்திருக்கிறார் என்று எடுத்துச் சொன்னேன். வாசல் வேலைதான் அவருக்குப் பொருந்தாது என்றேன். படபடவென்று பேசினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். ஆபத்து என்றால் யாராவது கத்துவார்களே, அது அவருக்குக் கேட்க வேண்டாமா என்றார். நியாயமான கேள்விதான். பிறகு அவர் சொன்னதுதான் என்னை அடித்துப் போட்டது.

"மேடம், அன்னைக்கு விழா முடிஞ்ச பிறகு நானும் தனியா அந்தப் பஞ்சக் காதுல வச்சுப் பாத்தேன். கொஞ்ச நேரம்தான். எனக்குத் தல சுத்திட்டு. ஒரு அடி எடுத்து வைக்கப் பயமா இருந்துச்சு. அப்பிடி இருக்கிற ஒரு மனுஷன நான் எப்பிடி மேடம் கப்பல் விளிம்புல நிக்க விடுவேன்?"

அவர் கண் கலங்கியிருந்தது. பொய்யில்லாத கண்ணீர். முன்பு இதே கண்ணீருக்காகத்தான் நான் ஊர் ஊராகப் பை தூக்கினேன். பஞ்சை வைத்தவருக்குத் தெரிந்தது, காது அப்போதுதான் அடைத்துப்போன ஒருவருடைய திகில். இத்தனை வருடம் அதோடு வாழ்ந்து, கண்ணாலேயே கேட்கப் பழகிக்கொண்ட ஒரு மனிதருக்கு என்னவெல்லாம் முடியும் என்பதை என் விளையாட்டு அவருக்குச் சொல்லித்தரவே இல்லை. எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்லித்தருவேன்? அதை அவரிடம் விளக்கப் பார்த்தேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மேலிடத்தில் பேசிப் பார்க்கிறேன் மேடம் என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்வந்து மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, அதிகாரியைப் பார்க்கப் போன விஷயத்தை என் கணவரிடம் சொன்னேன். எதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்த்துச் சொன்னேன், இப்போதெல்லாம் அப்படித்தான் பேசப் பழகிக்கொண்டிருக்கிறேன். அவர் மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார், அதாவது பார்த்தார். கோபப்படவில்லை. விழா நாளைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டும் என்று இத்தனை மாதமாக எனக்குள் ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் கேட்க வாய் வந்தது.

"காது வெளையாட்டு வேண்டாம்னு சொன்ன ஆளு, பெறகு ஏன் மேடைக்கு வந்திய?"

"நீ மைக்கப் பிடிச்சிக்கிட்டு ஒத்தையில நின்ன. ஒருத்தனும் எந்திரிக்கல. ஒம் மொகம் அப்பிடியே சுண்டிப் போச்சு. பாத்துக்கிட்டு இருக்க முடியல."

அவர் தட்டில் இன்னொரு துண்டு மீனை எடுத்து வைத்தேன்.

"வந்திய, சரி. தோத்திருக்கலாம்லா? ஒண்ணு ரெண்டத் தப்பாச் சொல்லியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

அவர் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"தோக்கணும்னுதாம்ளா வந்தேன். நீ முன்னாடி வந்து நின்ன. என்னையப் பாத்து, நின்னு நிதானமா பேசுன. எத்தன வருசத்துக்குப் பெறகு நீ சொல்லுதது எனக்கு முழுசா வெளங்குச்சு தெரியுமா? அந்தச் சந்தோசத்துல தோக்கணும்ங்கிறதே மறந்துபோச்சு."

சொல்லிவிட்டு, நான் என்ன பதில் சொல்லப் போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.